வீட்டில் பைக் வேலை பார்க்க எந்த ஸ்டாண்டு சரி?

செயினுக்கு எண்ணெய் விடுவதில்தான் பெரும்பாலோருக்கு வீட்டு மெக்கானிக் வேலை தொடங்குகிறது. வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும். கைக்கு எட்டுகிற சில கண்ணிகளுக்கு எண்ணெய் விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும், வண்டியை ஓரடி தள்ள வேண்டும், மறுபடி குனிய வேண்டும். பல பைக்குகளின் செயினில் நூறு கண்ணிக்கு மேல் இருக்கும். ஒரு சுற்று முடிவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். எந்தக் கண்ணியில் நிறுத்தினோம் என்பதும் மறந்துவிடும். பின்சக்கரம் இரண்டு விரற்கடை தரையை விட்டு எழும்பியிருந்தால் போதும், ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மறு கையால் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

அப்போதுதான் ஸ்டாண்டு தேடத் தொடங்குகிறோம். தேடினால் பின்பக்க ஸ்டாண்டு, முன்பக்க ஸ்டாண்டு, கத்தரி ஜாக்கி, பெட்டி ஸ்டாண்டு, ஹைட்ராலிக் மேசை என்று வரிசையாக வந்து நிற்கும். எல்லாமே வண்டியைத் தூக்கும். "என் வண்டிக்கு எது பொருந்தும்?" என்று உடனே கேட்கத் தோன்றும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "நான் எதைக் கழற்றப் போகிறேன்?"

ஏனென்றால் ஸ்டாண்டு விஷயத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான விதி இதுதான். எந்தப் பாகத்தைக் கழற்றப் போகிறோமோ, அந்தப் பாகத்தின் வழியாக வண்டியின் எடை தரைக்கு இறங்கக் கூடாது. பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமா, அந்தச் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மைத் தாங்கலாம். ஸ்விங் ஆர்மையே கழற்ற வேண்டுமா, ஃபிரேமைத் தாங்க வேண்டும். முன்சக்கரத்துக்கு, அதை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடியைத் தாங்கலாம். ஃபோர்க்கையே உருவ வேண்டுமென்றால் அது ஆகாது. இந்த ஒரு விதி மனதில் பதிந்துவிட்டால் எந்த ஸ்டாண்டைப் பார்த்தாலும் அது எந்த வேலைக்கு உதவும், எந்த வேலைக்கு உதவாது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஏற்கெனவே கையில் இருப்பது

புதிதாக எதுவும் வாங்கும் முன் வண்டியோடு வந்ததைப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு உள்ள வண்டி என்றால் பாதித் தேவை அங்கேயே தீர்ந்துவிட்டது. செயின் சுத்தம் செய்வது, எண்ணெய் விடுவது, பின்சக்கரம் கழற்றுவது, எண்ணெய் மாற்றுவது எல்லாவற்றையும் அதிலேயே செய்யலாம். உங்கள் மாடலுக்குச் சென்டர் ஸ்டாண்டு தனியாகக் கிடைக்குமா என்பதையும் முதலில் விசாரியுங்கள். ஃபிரேமில் அதற்கான துளைகளும் ஸ்பிரிங் மாட்டும் கொக்கியும் இருந்தால், தனி ஸ்டாண்டு வாங்குவதை விட அதை மாட்டிவிடுவது பல நேரம் நல்ல முடிவு. எங்கே போனாலும் வண்டியோடு கூடவே வரும். வழியில் பஞ்சர் ஆனாலும் உதவும்.

சென்டர் ஸ்டாண்டு போட பலம் தேவை என்று நினைத்துப் பலர் அதைத் தொடுவதே இல்லை. பலத்தை விட முறைதான் முக்கியம். வண்டியின் இடப்பக்கம் நின்று, இடக்கையால் ஹேண்டில்பாரையும் வலக்கையால் சீட்டின் பக்கத்துப் பிடியையும் பிடித்து வண்டியை நேராக நிறுத்துங்கள். வலக்காலால் ஸ்டாண்டின் நாக்கை மெல்ல அழுத்தினால் அதன் இரண்டு பாதமும் தரையைத் தொடுவது காலுக்குத் தெரியும். இரண்டும் தொட்டுவிட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகு, உடம்பின் முழு எடையையும் அந்தக் காலில் இறக்குங்கள். கையால் தூக்க வேண்டாம், கை வெறும் வழிகாட்டிதான். வண்டி பின்னோக்கி உருண்டு தானாக ஏறி உட்காரும். கனமான வண்டி என்றால் பின்சக்கரத்தை ஓர் அங்குலத்துக்குக் குறைந்த தடிமனுள்ள பலகை மேல் ஏற்றிவிட்டு இதே வேலையைச் செய்யுங்கள். பாதி சிரமம் குறைந்துவிடும்.

இதில் ஒரு பலவீனமும் உண்டு. வண்டியை முன்னோக்கித் தள்ளினால் சென்டர் ஸ்டாண்டு மடங்கிவிடும். பின் ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சு) நட்டை ஸ்பேனர் போட்டு இழுக்கும்போது நம்மை அறியாமல் முன்பக்கம் தள்ளிவிடுவோம். அதனால் ஒரு வார்ப்பட்டையை எடுத்து, சென்டர் ஸ்டாண்டின் குறுக்குக் கம்பியையும் முன்சக்கரத்தையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுங்கள். அப்புறம் ஸ்டாண்டு மடங்க வழியில்லை. ஐந்து நிமிட வேலைக்கும் இதைச் செய்யுங்கள் என்பேன்.

சைடு ஸ்டாண்டில் நிறுத்தியும் சில வேலைகள் பார்க்கலாம். பேட்டரி, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கேபிள்களுக்கு எண்ணெய், பிரேக் திரவம் பார்ப்பது போன்றவை. சக்கரம் சுழல வேண்டிய வேலையையும் சக்கரத்தைக் கழற்றுகிற வேலையையும் அதில் வைத்துக்கொள்ளாதீர்கள். சைடு ஸ்டாண்டில் இருக்கும்போதே ஸ்விங் ஆர்மின் மறுபக்கத்தில் முட்டுக்கொடுத்துப் பின்சக்கரத்தைச் சற்றே உயர்த்தும் சின்ன முட்டுக்கட்டைகளும் கிடைக்கின்றன. பையில் போட்டுக்கொண்டு போகலாம், பயணத்தில் செயினுக்கு எண்ணெய் விட அருமையான சாதனம். ஆனால் அதன் வேலை அதோடு முடிந்தது. அதில் நிற்கிற வண்டியின் சக்கரத்தைக் கழற்ற நினைக்கவே வேண்டாம்.

பின்பக்க ஸ்டாண்டு

சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிக்காரர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். பேடாக் ஸ்டாண்டு என்று சொல்வார்கள். பந்தயக் களத்தில் அணிகள் வண்டிகளை வைத்து வேலை பார்க்கும் இடத்துக்குப் பேடாக் என்று பெயர். பந்தய வண்டிகளில் சைடு ஸ்டாண்டைக் கழற்றிவிடுவதால் வண்டியை நிறுத்தவே அங்கே இது தேவைப்பட்டது. லாடம் போல வளைந்த இரும்புக் குழாய், கீழே இரண்டு சின்ன சக்கரம், மேலே வண்டியைத் தாங்க இரண்டு கை. பின்கைப்பிடியை அழுத்தினால் நெம்புகோல் போலப் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும்.

தாங்கும் கைகளில் இரண்டு வகை. முதல் வகையில் 'எல்' வடிவத் தட்டில் ரப்பர் ஒட்டியிருக்கும். அது ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கத்தை நேராகத் தாங்கும். வண்டியில் எதையும் மாட்ட வேண்டியதில்லை, பல வண்டிகளுக்குப் பொருந்தும். ஆனால் ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கம் ஓரளவு தட்டையாக இருக்க வேண்டும், செயின் இறுக்கும் போல்ட்டோ பிரேக் குழாயோ அந்த இடத்தில் குறுக்கிடக் கூடாது. வட்டக் குழாயால் ஆன ஸ்விங் ஆர்மில் ரப்பர் தட்டு கொஞ்சம் வழுக்கும்.

இரண்டாவது வகையின் கை மேலே பிளந்து 'வி' எழுத்து போல இருக்கும். ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கமும் ஸ்பூல் எனப்படும், நூல்கண்டு வடிவச் சின்ன உருளைகளைத் திருகி மாட்டியிருக்க வேண்டும். அந்தப் பிளவு உருளையின் இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கவாட்டில் நழுவாது. உங்கள் ஸ்விங் ஆர்மில் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால், இரு பக்கமும் மரையுள்ள துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யோசிக்காமல் இந்த வகையையே எடுங்கள்.

ஸ்பூல் வாங்கும்போது மரை அளவில்தான் பலர் தவறு செய்கிறார்கள். எம் 6, எம் 8, எம் 10 என்று மூன்று அளவு புழக்கத்தில் உள்ளன. அதாவது போல்ட்டின் விட்டம் 6, 8 அல்லது 10 மி.மீ. விட்டம் சரியாக இருந்தாலும் மரையின் இடைவெளி மாறலாம். எம் 10 போல்ட்டிலேயே 1.5 மி.மீ. இடைவெளி கொண்டதும் உண்டு, 1.25 கொண்டதும் உண்டு. ஆகவே வண்டியின் மாடலைச் சொல்லி வாங்குங்கள். மாட்டும்போது முதல் ஐந்தாறு சுற்றைக் கையாலேயே திருகுங்கள். தடையில்லாமல் போக வேண்டும். தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் போகிறது ஸ்விங் ஆர்மின் மரை. அலுமினியத்தில் கெட்ட மரையைச் சரிசெய்வது பெரிய வேலை.

வாங்கும் முன் ஒரு அளவு நாடாவோடு வண்டிக்குப் பின்னால் உட்காருங்கள். ஸ்விங் ஆர்மின் வெளி அகலம் எவ்வளவு, ஸ்பூல் இருந்தால் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம், தரையிலிருந்து அந்த இடத்தின் உயரம் எவ்வளவு என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் அகலத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற வரம்புக்குள் உங்கள் அளவு வர வேண்டும், அதுவும் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வராமல் நடுவில் வந்தால் நல்லது. சைலன்சர் தாழ்வாக இருக்கும் வண்டியில் அந்தப் பக்கத்துக் கை சைலன்சரில் இடிக்கும். நீளமான பின் மட்கார்டு உள்ள வண்டியில் ஸ்டாண்டின் வளைவு மட்கார்டில் இடிக்கும். இந்த இரண்டையும் வாங்கிய பிறகே பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

ஸ்டாண்டு தாங்கும் எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 100, 125 சி.சி. வண்டிகள் பெரும்பாலும் 110 முதல் 125 கிலோ வரை இருக்கும். 150 முதல் 200 சி.சி. வரை உள்ளவை ஏறக்குறைய 140 முதல் 160 கிலோ. பெரிய டூரிங் வண்டிகள் 250 கிலோவையும் தாண்டும். பின்சக்கரத்தில் இறங்குவது சுமாராக அதில் பாதிதான். ஆனாலும் ஸ்டாண்டில் குறித்திருக்கும் தாங்கு எடை வண்டியின் மொத்த எடையை விட அதிகமாக இருக்கட்டும். நட்டை முறுக்குகிறோம், சக்கரத்தை இழுக்கிறோம், சில சமயம் தெரியாமல் வண்டி மேல் சாய்ந்துவிடுகிறோம். இவை எல்லாம் சேர்ந்துதான் ஸ்டாண்டின் மேல் இறங்கும்.

எண்ணை மட்டும் நம்பாமல் பொருளையும் பாருங்கள். ஸ்டாண்டைத் தரையில் வைத்துக் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் முறுக்கிப் பாருங்கள், நெளிந்தால் வேண்டாம். வெல்டிங் ஒரே சீராக, குழாயைச் சுற்றி முழுமையாக ஓடியிருக்க வேண்டும், அங்கங்கே பொட்டு வைத்தது போல இருக்கக் கூடாது. அடி அகலம் எவ்வளவுக்கு அதிகமோ அவ்வளவுக்கு நல்லது. தாங்கும் கைகள் செருகும் இடத்தில் ஆட்டம் குறைவாக இருக்க வேண்டும்.

தூக்குவதும் இறக்குவதும்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். வண்டி விழுவதென்றால் பெரும்பாலும் வேலை நடக்கும்போது விழுவதில்லை. ஏற்றுகிற, இறக்குகிற அந்தச் சில நொடிகளில்தான் விழுகிறது.

முதல் நாலைந்து தடவை ஓர் ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் வண்டிக்கு முன்னால் நின்று ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து வண்டியை நேராக வைத்திருக்கட்டும். சைடு ஸ்டாண்டு கீழே இறங்கியே இருக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் மடக்கக் கூடாது. முன் பிரேக் லீவரை ஒரு வார்ப்பட்டையால் கட்டிவிடுங்கள், வண்டி உருளாது. பின் ஆக்ஸில் நட்டைக் கழற்றும் வேலை என்றால், வண்டியைத் தூக்கும் முன்னாலேயே நட்டை ஒரு கால் சுற்று இளக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நட்டு மிகவும் இறுக்கமாக இருக்கும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போது அதனோடு மல்லுக்கட்டுவது பாதுகாப்பு. வேலை முடிந்து இறக்கிய பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கியதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஸ்டாண்டைப் பின்னாலிருந்து உருட்டிக்கொண்டு வந்து இரண்டு கையையும் ஸ்பூலிலோ ஸ்விங் ஆர்மிலோ பொருத்துங்கள். குனிந்து இடப்பக்கம் பாருங்கள், வலப்பக்கம் பாருங்கள். இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கைப்பிடியைக் கொஞ்சமே அழுத்தி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடையை வாங்குகிறதா என்று உணருங்கள். ஒரு பக்கம் முன்னதாக எடை வாங்கினால் வண்டி மறுபக்கம் சாயும். விட்டுவிட்டு மறுபடி பொருத்துங்கள். சரியாக உட்கார்ந்தது தெரிந்த பிறகு உடம்பின் எடையைக் கைப்பிடி மேல் சாய்த்து, நிறுத்தாமல், குலுக்காமல் ஒரே சீராகக் கீழே அழுத்துங்கள். கைப்பிடி தரையைத் தொட்டதும் வண்டி நிலைத்து நிற்கும். சீட்டைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பார்த்துவிட்டுத் துணை ஆள் கையை எடுக்கலாம்.

பழகிய பிறகு தனியாகவும் செய்யலாம். பின்பிடியை இடக்கையால் பிடித்து வண்டியை நேராக்கி, வலக்கையால் ஸ்டாண்டை அழுத்துவார்கள். நூறு கிலோ வண்டிக்கு இது எளிது. கனமான வண்டிக்கு எத்தனை அனுபவம் இருந்தாலும் ஆள் இருப்பது நல்லது.

இறக்கும்போதுதான் என் வண்டி விழுந்தது. செயின் வேலை முடித்து, சக்கரத்தைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது இடையூறாக இருக்கிறதென்று சைடு ஸ்டாண்டை மடக்கிவிட்டிருக்கிறேன். அது நினைவில்லாமல் பின் ஸ்டாண்டின் கைப்பிடியைத் தூக்கினேன். சக்கரம் தரையைத் தொட்டது, வண்டி வழக்கம் போல இடப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது. கிளட்ச் லீவர் உடைந்தது, டேங்கில் ஒரு பள்ளம். என் கால் அந்தப் பக்கம் இல்லை என்பதுதான் அன்று கிடைத்த நல்லது. அன்றிலிருந்து கைப்பிடியைத் தொடும் முன் சைடு ஸ்டாண்டைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுகிறேன். நீங்களும் தட்டிப் பாருங்கள். பிறகு ஒரு கை பின்பிடியில் இருக்க, வண்டியை இடப்பக்கமாக மிக இலேசாக இழுத்துப் பிடித்தபடி, கைப்பிடியை மெதுவாக மேலே விடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்சக்கரம் தூக்கியிருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, ஓடும் செயினைத் துடைக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. துணி செயினில் மாட்டினால் விரலையும் சேர்த்து ஸ்ப்ராக்கெட் எனும் பல்சக்கரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். கையை எடுக்க நேரமே இருக்காது. இப்படி விரல் போனவர்கள் உண்டு. இன்ஜின் அணைந்து, சாவி எடுத்து, கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்றுங்கள், துணி வைக்கும் இடத்தில் செயின் பின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு விலகிச் செல்ல வேண்டும்.

செயின் தொய்வு அளப்பவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் இது. சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது, ஸ்விங் ஆர்மும் கீழே இறங்கிவிடுகிறது. பின்பக்க ஸ்டாண்டில் அப்படி இல்லை; ஸ்விங் ஆர்மைத் தாங்குவதால் வண்டியின் எடை ஷாக் அப்சார்பர் மேலேயே இருக்கிறது, சக்கரம் தரையில் நிற்கும்போது இருப்பது போலவே. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்மின் கீல், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகம் இறுகும். ஸ்விங் ஆர்மின் நிலை மாறினால் தொய்வும் மாறும். கையேடு சைடு ஸ்டாண்டில் அளக்கச் சொன்னால் அதில் அளக்க வேண்டும், சென்டர் ஸ்டாண்டு என்றால் சென்டர் ஸ்டாண்டு. ஒன்றில் அளந்து மற்றொன்றுக்கான எண்ணோடு ஒப்பிட்டால் செயினை அளவுக்கு மேல் இறுக்கிவிட வாய்ப்புண்டு.

முன்சக்கரத்தைத் தூக்க

முன்பக்க ஸ்டாண்டு இரண்டு விதம். ஒன்று ஃபோர்க்குகளின் அடிமுனையைத் தாங்கித் தூக்குவது. மற்றொன்று ஹேண்டிலின் தண்டு அடியில் உள்ள துளையில் ஓர் ஊசியைச் செருகித் தூக்குவது.

ஃபோர்க் அடியைத் தாங்குவது எளிது, விலையும் பொதுவாகக் குறைவு. முன்சக்கரம் கழற்றலாம், டயர் மாற்றலாம், பிரேக் பேட் மாற்றலாம். ஃபோர்க் ஆயில் சீல் மாற்ற வேண்டுமென்றால் இது பயன்படாது. எடை நிற்பதே ஃபோர்க்கின் மேல்தான். தண்டில் ஊசி செருகும் வகையில் ஃபோர்க் இரண்டும் விடுதலையாகத் தொங்கும், உருவி எடுக்கலாம். ஆனால் தண்டில் கீழிருந்து திறந்த துளை இருக்கிறதா, ஹாரனோ பிரேக் குழாயோ வழியை மறைக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துளையின் விட்டத்தை அளந்து அதற்கேற்ற ஊசியைத் தேர்ந்தெடுங்கள். பல ஸ்டாண்டுகளில் வெவ்வேறு அளவு ஊசிகள் சேர்ந்தே வரும். ஊசி தளர்வாக ஆடினால் அந்த அளவு உங்களுக்கு அல்ல.

ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் பழுதா என்று பார்க்க இந்த இரண்டுமே சரிவராது. ஹேண்டில் ஆட்டம் காண்கிறதா என்று பார்க்க ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்போம். ஃபோர்க் அடியையோ தண்டையோ ஸ்டாண்டு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தால் பேரிங் மேல் எடை ஏறிவிடும், ஆட்டம் இருந்தாலும் கைக்குத் தெரியாது. அதற்கு ஃபிரேமைத் தாங்கி முன்சக்கரத்தை உயர்த்த வேண்டும். கழற்றும் பாகத்துக்குச் சொன்ன விதி, சோதிக்கும் பாகத்துக்கும் பொருந்தும்.

முன்பக்க ஸ்டாண்டைத் தனியாகப் பயன்படுத்தக் கூடாது. பின்பக்கம் முதலில் ஸ்டாண்டில் ஏறி நிலைத்த பிறகே முன்பக்கம் தூக்க வேண்டும். இறக்கும்போது முன்பக்கம் முதலில், பின்பக்கம் கடைசியில். வரிசை மாறினால் வண்டியைப் பக்கவாட்டில் பிடிக்க எதுவும் இருக்காது.

அடியிலிருந்து தூக்கும் ஜாக்கி

கத்தரி போல விரியும் ஜாக்கியை இன்ஜினுக்கு அடியில் வைத்துத் திருகினால் வண்டி மேலே எழும். சென்டர் ஸ்டாண்டு உள்ளவர்களுக்கு முன்சக்கரம் தூக்க இது போதும். தனி முன்பக்க ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை. கோன் செட் பார்க்கவும் இதுவே வழி.

ஆனால் முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஃபிரேம் குழாய்கள் இரண்டும் இன்ஜினுக்கு அடியில் ஓடி அதைத் தொட்டில் போலத் தாங்கினால் அதிர்ஷ்டம்; அந்த இரண்டு குழாயின் மேல் ஜாக்கி தட்டை வைக்கலாம். பல வண்டிகளில் இன்ஜினே ஃபிரேமின் ஒரு பாகமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அடியில் தெரிவது இன்ஜின் எண்ணெய் தங்கும் ஆயில் சம்ப், எண்ணெய் வடிக்கும் போல்ட், சைலன்சர் குழாய்தான். சம்ப் வார்ப்பு அலுமினியம். எடை ஒரே புள்ளியில் இறங்கினால் விரிசல் விடும். சைலன்சர் குழாய் நசுங்கும். அப்படிப்பட்ட வண்டியில் இன்ஜின் மாட்டியிருக்கும் தடித்த போல்ட் தாங்கிகள், ஃபுட் ரெஸ்ட் பிராக்கெட் போன்ற உறுதியான இடங்களைத் தேடி, அவற்றின் மேல் எடை இறங்கும்படி கெட்டி மரக்கட்டையை வடிவமாக அறுத்து இடையில் வைக்க வேண்டும். அப்படி இடமே கிடைக்கவில்லை என்றால் ஜாக்கி உங்கள் வண்டிக்கானதல்ல. அடித்தகடு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது பிளாஸ்டிக்காகவோ மெல்லிய தகடாகவோ இருந்தால் எடை தாங்காது.

ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் கசிந்தால் ஏற்றிய வண்டி மெல்ல இறங்கிக்கொண்டே வரும். ஆகவே ஹைட்ராலிக் தூக்குவதற்கு மட்டும். தூக்கிய பிறகு பூட்டுக் கம்பியோ கெட்டியான மரமுட்டோ எடையைத் தாங்க வேண்டும். செங்கல், உள்ளீடற்ற சிமெண்ட் கல் இரண்டையும் முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தாதீர்கள். எத்தனை உறுதியாகத் தெரிந்தாலும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பிளக்கும். மரம் நசுங்கும் முன் சத்தம் கொடுக்கும்.

சில தனி வண்டிகள்

ஸ்விங் ஆர்ம் ஒரு பக்கம் மட்டும் உள்ள வண்டிகளும் இருக்கின்றன. 1980-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ், 1994-இல் வந்த டுகாட்டி 916 எல்லாம் அந்த வகை. இவற்றுக்குச் சாதாரணப் பின்பக்க ஸ்டாண்டு பொருந்தாது. ஆக்ஸிலின் குழல் துளைக்குள் ஊசியைச் செருகித் தாங்கும் தனி ஸ்டாண்டு வேண்டும். ஊசியின் விட்டமும் அது எந்தப் பக்கமிருந்து செருகுவது என்பதும் மாடலுக்கு மாடல் மாறும்.

மண்சாலை வண்டிகளுக்குப் பெட்டி ஸ்டாண்டு எளிது. அடிப்பக்கம் தட்டையாகவும் உயரமாகவும் இருப்பதால், காலால் மிதித்துத் தூக்கும் ஸ்டாண்டில் வண்டி மொத்தமும் ஏறி உட்கார்ந்துவிடும். இரண்டு சக்கரமும் அந்தரத்தில் நிற்கும். இந்த வசதி சாலை வண்டிக்காரர்களுக்குக் கிடைப்பதில்லை.

பின் ஷாக் அப்சார்பரையோ ஸ்விங் ஆர்மையோ கழற்ற வேண்டிய நாள் வந்தால் பின்பக்க ஸ்டாண்டு உதவாது என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஸ்விங் ஆர்ம் கீலின் இரு முனையையும் பிடித்து ஃபிரேமைத் தாங்கும் ஸ்டாண்டுகள் இருக்கின்றன. இல்லையேல் சென்டர் ஸ்டாண்டு. மேற்கூரை உத்தரத்தில் வார்ப்பட்டை கட்டித் தூக்குகிறவர்களும் உண்டு. உத்தரம் அந்த எடையைத் தாங்கும் என்று கட்டடம் தெரிந்தவர் சொன்னால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

ஹைட்ராலிக் மேசை அருமையான பொருள், முதுகுக்குப் பெரிய நிம்மதி. வாரா வாரம் வண்டி வேலை பார்ப்பவருக்கும் இடம் தாராளமாக உள்ளவருக்கும் மட்டும்தான் அது.

தரை

எந்த ஸ்டாண்டு ஆனாலும் தரை சரியில்லை என்றால் பயனில்லை. சமமான, கெட்டியான சிமெண்ட் தரை சிறந்தது. வழவழப்பான ஓடு பதித்த தரையில் எண்ணெய் சிந்தினால் ஸ்டாண்டு நகரும். முரட்டு ரப்பர் விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் இளகும் தார்த் தரையிலும் மண்ணிலும் ஸ்டாண்டின் சின்ன சக்கரங்கள் புதையும். அகலமான தடித்த ஒட்டுப்பலகையை அடியில் போட்டு, அதன் மேல் ஸ்டாண்டை வையுங்கள். சரிவான இடத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். வண்டிக்குப் பின்னால் ஸ்டாண்டின் நீளம் போக, நீங்கள் நின்று குனிய ஓர் ஆள் இடமும் வேண்டும். சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு ஸ்டாண்டை வளைத்து நெளித்து நுழைப்பது விழவைக்கும் வழி.

எதை முதலில் வாங்குவது

சென்டர் ஸ்டாண்டு இருந்தால் முதல் வருடம் எதுவும் வாங்காதீர்கள். வார்ப்பட்டை இரண்டும் மரக்கட்டை சிலவும் போதும். முன்சக்கரத்தில் வேலை வரும்போது, அடிப்பக்கம் இடம் கொடுத்தால் கத்தரி ஜாக்கி ஒன்று. சென்டர் ஸ்டாண்டு இல்லாதவர் நல்ல பின்பக்க ஸ்டாண்டில் பணத்தைப் போடலாம். முன்பக்க ஸ்டாண்டு அப்புறம் வரட்டும். முன்னும் பின்னும் ஜோடியாகச் சேர்த்து மலிவாக விற்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இரண்டு சுமாரான ஸ்டாண்டை விட ஒரு நல்ல ஸ்டாண்டு மேல்.

பழைய ஸ்டாண்டு கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம், சோதித்துவிட்டு. சமதரையில் வைத்து எல்லாப் பாதமும் ஒன்றாகத் தொடுகிறதா பாருங்கள். குழாய் வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் நோட்டம் விடுங்கள். வெல்டிங்கை ஒட்டிப் பெயின்ட் மயிரிழை போல வெடித்திருந்தால் அடியில் இரும்பும் வெடித்திருக்கக் கூடும். அப்படிப்பட்டதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். உங்கள் சொந்த ஸ்டாண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே போலத் துடைத்து, சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தேய்ந்த ரப்பரை மாற்றி, போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.